சிறகருகே ஒரு சிறு முள்

பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியின் ஓரமாகப் பித்தளைக் குத்துவிளக்குகள் வெயிலில் மின்னும் கடைகளைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் எமது இல்லம் வந்துவிடும். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். அடுத்த வளவில் வசிக்கும் அம்மையார் கையில் தொலைபேசியுடன் வந்து படியில் நின்றார். அவருடைய இளைய மகன் எம்மிடம் பௌதிகம் பயின்றவர். இப்பொழுது அவுஸ்திரேலியாவில் பொறியியலாளராக இருக்கிறார். அங்கே தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் இருவர் அமர்ந்து செல்லக்கூடிய சிறு விமானமொன்றை நான்கு ஆண்டுகளாகத் தம் கையாலேயே கட்டி வருகிறார் என்பது எமக்கு முன்பே தெரிந்த செய்தி. அன்று அவர் அனுப்பியிருந்த படம் புதியது.

“மாஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்கள். செட்டைக்குப் பக்கத்தில் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன? சின்னவனைக் கேட்டால், ‘விழப் போகிறதுக்கு முன்னால் எச்சரிக்கை செய்கிற கருவி அம்மா’ என்கிறான். எச்சரிக்கைக் கருவி பூட்டுகிறான் என்றால், அது விழும் என்றுதானே அர்த்தம்?”

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் கேள்விகளுக்கு விடை சொல்லி வருகிற நாம் அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலாது நின்றோம். நாம் விமானமோட்டி அல்லோம். ‘அப்படியொன்றும் ஆகாது, அம்மா’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அது மெய்யுமன்று; மெய்யல்லாத ஆறுதலைத் தாயுள்ளம் எளிதில் ஏற்றுக்கொள்வதுமில்லை. ஆகவே அவரை அமரச் செய்து, தேநீர் வந்ததும், நமக்குத் தெரிந்த அளவில் அக்கொம்பின் கதையைச் சொல்லத் தொடங்கினோம். அன்று சொன்னதையும், பின்னர் மாணவரோடு செய்து பார்த்ததையும், மகனோடு தொலைபேசியில் பேசித் தெரிந்துகொண்டதையும் இங்கே வாசகர்க்கு எழுதுகிறோம்.

கடுகண்ணாவை மலையில் பஸ் இறங்கும்போது யன்னலுக்கு வெளியே கையை நீட்டாத பிள்ளை நம் நாட்டில் இருக்க முடியாது. நீட்டக் கூடாது என்பது சட்டம். மாணவர்க்கு நாமும் அதனையே சொல்லி வருகிறோம். ஆயினும் சிறு வயதில் நாம் நீட்டியவரே. உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக வைத்தால் காற்று மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். கையின் முன்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் யாரோ கீழிருந்து தாங்குவது போலக் கை மேலே எழும். இன்னும் சிறிது உயர்த்த, இன்னும் எழும். மேலும் மேலும் உயர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் அந்தத் தாங்கல் திடீரெனத் தளர்ந்துவிடும். காற்று கையைப் பின்னுக்குத் தள்ளுமேயன்றி மேலே தூக்காது.

விமானத்தின் சிறகுக்கும் அக்கைக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. எதிரே வரும் காற்றுக்கும் சிறகுக்கும் இடையிலுள்ள சாய்வினைத் ‘தாக்குகோணம்’ என்பர். சிறு விமானங்களின் சிறகுகளில் அக்கோணம் ஏறத்தாழ 15 பாகை வரையில் வளர வளரத் தூக்குவிசையும் வளர்கிறது. அதற்குச் சற்று அப்பால், சிறகின் மேற்புறத்தைத் தழுவிச் சென்ற காற்று அதனைத் தழுவ மாட்டாது பிரிந்து, சுழித்துக் கலைகிறது. தூக்குவிசை சரிகிறது. இதனை விமானிகள் ‘ஸ்டால்’ என்பர். விமானமொன்று ‘ஸ்டால்’ ஆகி வீழ்ந்தது என்ற செய்தியை எஞ்சின் நின்றுபோயிற்று என்று பத்திரிகைகள் மொழிபெயர்ப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். எஞ்சின் முழு வலிமையோடு முழங்கிக்கொண்டிருக்கும்போதும் சிறகு ஸ்டால் ஆகலாம். நாம் இக்கட்டுரையில் அதனைக் ‘காற்று கைவிடுதல்’ என்றே சொல்லிக்கொள்வோம். அம்மையாருக்கு விளங்கியது அச்சொல்லே.

“அப்படியானால் வேகமாகப் போனால் சரிதானே?” என்றார் அவர்.

நல்ல கேள்வி. உலகிலுள்ள பறக்கும் பள்ளிகளிற் பயிலும் மாணவர் பலரும் முதலில் அப்படியே எண்ணுகிறார்கள். விமானத்தின் முன்னே வேகமானி இருக்கிறது. இன்ன வேகத்துக்குக் கீழே போனால் காற்று கைவிடும் என்று அதில் ஒரு நிறக்கோடும் இருக்கிறது. ஆனால் அக்கோடு, விமானம் நேராகவும் சமமாகவும் குறித்த பாரத்தோடும் செல்லும்போது மாத்திரமே பொருந்தும். திரும்பும்போது விமானம் ஒருபுறம் சாய்கிறது. சாய்ந்தபடியே உயரம் குறையாது திரும்பவேண்டுமாயின் சிறகு தன் பாரத்திலும் மிகுதியான பாரத்தைச் சுமக்க வேண்டும். 60 பாகை சாய்ந்தால் சுமை இரு மடங்கு. மகன் கட்டுவது போன்ற ஒரு விமானத்தைக் காற்று நேர்ப்பறப்பில் மணிக்கு 80 கிலோமீற்றரில் கைவிடும் என்று வைத்துக்கொள்வோம். 45 பாகைச் சாய்வில் அது 95 கிலோமீற்றரிலேயே கைவிடும். 60 பாகையில் 113. தரையிறங்க வருகையில் கைவிடும் வேகத்தைப் போல் 1.3 மடங்கு வேகத்தைக் கடைப்பிடித்தல் வழக்கம். இங்கே அது 104. வேகமானியில் 104 எனக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே, அவசரத்தில் 60 பாகை சாய்த்துத் திருப்பியவரைக் காற்று கைவிட்டுவிடும். முள் பொய் சொல்லவில்லை. அது வேகத்தை அளந்தது. அளக்க வேண்டியது கோணத்தை.

இந்த அவசரம் எங்கே நேர்கிறது? பெரும்பாலும் தரையிறங்கும் முன் கடைசித் திருப்பத்தில். ஓடுபாதையின் நேர்க்கோட்டை விமானி சற்றே தாண்டிவிடுகிறார். அதனைப் பிடித்துவிட வேண்டுமென்று இன்னும் சாய்க்கிறார். மூக்கு தாழ்கிறதே என்று கட்டுப்பாட்டுத் தண்டைத் தம் பக்கம் இழுக்கிறார். அவர் கண் ஓடுபாதையில் இருக்கிறது. கருவிப் பலகையில் இல்லை. ஒரு சிறகை மற்றதற்கு முன்பாகக் காற்று கைவிட, விமானம் பம்பரம் போலச் சுழன்று கவிழ்கிறது. 3,000 அடி உயரத்தில் இது நேர்ந்தால் மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைத்து மீண்டுவிடலாம். பயிற்சியில் அதனை வேண்டுமென்றே செய்து காட்டுகிறார்கள். கடைசித் திருப்பத்திலோ உயரம் சில நூறு அடிகளே. மீள்வதற்கு வழி தெரிந்திருந்தும் இடம் இராது.

இவ்விடத்தில் அம்மையார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நாமும் சிறிது நேரம் பேச்சை வேறு பக்கம் திருப்பினோம்.

முன்னோர் பட்ட பாடு

காற்று கைவிடுதலுக்கு முதலில் உயிர் கொடுத்த பெரியோருள் ஒருவர் ஜெர்மானியரான ஒட்டோ லிலியந்தால். எஞ்சின் இல்லாத சிறகுகளைத் தோளில் பூட்டிக் குன்றுகளிலிருந்து பாய்ந்து மிதந்தவர். 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி, அவருடைய சிறகு மேல்நோக்கி நிமிர்ந்து நின்றுவிட, ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து, மறுநாள் பேர்லினில் உயிர் நீத்தார். அம்மரணச் செய்தியே அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரரைப் பறத்தல் பற்றித் தீவிரமாகச் சிந்திக்க வைத்தது. அவர்கள் லிலியந்தாலின் முடிவை மறக்கவில்லை. தம் பறவைப்பொறியின் சிறு சிறகை முன்புறத்தில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்பொறியின் முன்னே ஒரு நூற்றுண்டையும் கட்டிவைத்து, காற்று எத்திசையிலிருந்து வருகிறதென்று பார்த்துக்கொண்டனர். காசு செலவில்லாத அந்த நூற்கருவி இன்றும் அழிந்துபோகவில்லை. எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களின் கண்ணாடியில் ஒரு கம்பளி நூல் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். சிலர் கண்ணாடியின் பக்கவாட்டிலும் ஒன்றை ஒட்டி, அதன் சாய்வைக்கொண்டு தாக்குகோணத்தை அறிகிறார்கள்.

நம் பக்கத்திலும் இத்தகைய துணிவு இல்லாமற் போகவில்லை. 1910ஆம் ஆண்டிலே, சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்னும் கோர்சிக்கத் தீவினர், தாமே வரைந்த விமானமொன்றைச் சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்துப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பின்பு தீவுத்திடலில் நகரத்தார்க்கும் காட்டினார். குதிரை வண்டி கட்டிய தொழிலாளர் கையால் உருவான விமானம் அது. அதில் எச்சரிக்கைக் கருவி எதுவும் இருந்திராது. அக்காலத்து விமானிக்கு முகத்தில் அடிக்கும் காற்றும், கம்பிகள் பாடும் ஓசையுமே கருவிகள்.

ஓசை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946இல், லெனர்ட் கிரீன் என்ற அமெரிக்கர் காற்று கைவிடுமுன் எச்சரிக்கும் கருவிகளைச் செய்வதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். சிறகின் முன்விளிம்பில் நகமளவு தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். காற்று சிறகில் வந்து மோதி மேலும் கீழுமாகப் பிரியும் இடம், கோணம் வளர வளரக் கீழே இறங்குகிறது. அது தகட்டுக்குக் கீழே போனதும், மேல்நோக்கிச் செல்லும் காற்று தகட்டைத் தூக்கிவிட, மின்சுற்று பூர்த்தியாகி ஊதல் கேட்கும். செஸ்னாச் சிறு விமானங்கள் பலவற்றில் இதனினும் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. சிறகின் முன்விளிம்பில் ஒரு துவாரம். அதன் பின்னே ஆர்மோனியத்தில் உள்ளது போன்ற ஒரு நாக்கு. கோணம் மிகுந்தவுடன் அத்துவாரத்தின் வாயில் அமுக்கம் குறைந்து காற்று வெளியே உறிஞ்சப்பட, நாக்கு அதிர்ந்து அழுகிறது. மின்சாரமும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். பறக்குமுன் அதனைச் சோதிக்க விமானி துவாரத்தின்மேல் ஒரு கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்ப்பதும் உண்டு. சங்கீதம் அறிந்த இக்கருவியை மிஞ்சியது பின்னர் வரவில்லை என்பது எமது சொந்த அபிப்பிராயம்.

ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. அது ‘வந்துவிட்டது’ என்று மட்டுமே சொல்லும். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்வதில்லை. பட்டினத்து வீதியில் பின்னால் வரும் லொறியின் ஹோர்ன் போன்றது அது. விமானி விரும்புவது, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை இடையறாது காட்டும் ஒரு முள். விமானந்தாங்கிக் கப்பல்களில் இறங்கும் போர்விமானங்களில் இது நெடுங்காலமாக உண்டு. விமானியின் கண்ணெதிரே நிறவிளக்குகள் கோணத்தைக் காட்டும். முன்சக்கரத்தின் அருகே வெளிப்புறத்திலும் அவ்வாறே விளக்குகள் அமைத்திருப்பர். கப்பலில் நின்று இறக்குவிக்கும் அதிகாரி, வரும் விமானத்தின் கோணம் சரியா என்று அவற்றைப் பார்த்தே அறிந்துகொள்வார். சிறு விமானங்களுக்கு அவ்வசதி வெகுகாலம் கிட்டவில்லை. தொழிற்சாலையில் செய்த விமானத்தில் ஓர் ஆணியைப் புதிதாக அடிப்பதற்கும் அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும்; அதற்காகும் செலவோ கருவியின் விலையை விஞ்சிவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2014 பெப்ரவரியிலேயே அவ்விதியை எளிதாக்கியது. அதற்கு முன்பே, தம் விமானத்தைத் தாமே கட்டுவோர் இத்தகைய கருவிகளைப் பூட்டிக்கொண்டிருந்தனர். கட்டியவர் தாமே ஆகையால், எங்கே துளையிடலாம் என்பதை அவரே தீர்மானிக்கலாம். கொட்டகையில் விமானம் கட்டுவோர் உத்தியோகபூர்வத் தொழிற்சாலையை முந்திக்கொண்ட இடங்களுள் இதுவும் ஒன்று.

இப்படிக் கட்டுவோர் பைத்தியக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் வாழும் கேரளப் பொறியியலாளர் ஒருவர் கொரோனாக் காலத்தில், தென்னாபிரிக்காவிலிருந்து தருவித்த பாகங்களைக் கொண்டு நால்வர் அமரும் விமானம் கட்டித் தம் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்த செய்தியை வாசகர் படித்திருக்கலாம். பெங்களூரிலே தேசிய விண்ணூர்தி ஆய்வுக்கூடத்தார் 1980களில், அமெரிக்கரான பேர்ட் ரூட்டான் தம் கையால் கட்டுவோருக்கென வரைந்த ‘லோங் ஈஸி’ என்ற விமானத்தின் வழியில் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டு ஆராய்ந்தனர். அதில் சிறு சிறகு முன்னே இருக்கும். காற்று அச்சிறு சிறகையே முதலில் கைவிடுமாறு அமைத்திருப்பதால், கோணம் மிகுந்ததும் மூக்கு தானே தாழ்ந்து, பெருஞ்சிறகு காப்பாற்றப்படும். எச்சரிக்கைக் கருவியை விமானத்தின் உருவத்திலேயே வைத்துவிட்ட தந்திரம் அது. ஆனால் எமது மாணவர் கட்டுவது வழமையான உருவமுடையது. ஆகவே அவருக்கு முள் வேண்டியிருந்தது.

பித்தளை முள்

படத்தில் நாம் கண்ட கொம்பு இதுதான்: இடச்சிறகின் வெளிப்புறத்தில், விசிறியின் காற்று படாத தூரத்தில், முன்னோக்கி நீண்ட ஒரு குழாய். அதன் நுனியில் கோழிச் சேவல் போன்ற காற்றுத் திசைகாட்டி. ஆனால் படுக்கைவாட்டில் அன்றி மேலும் கீழுமாக ஆடுவது. அதனருகே ஒரு வில் வடிவத் தகட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு. விமானி ஓடுபாதையைப் பார்க்கத் தலையை இடப்புறம் திருப்பும்போதே முள்ளும் கண்ணில் படும். உள்ளே பலகையில் வைத்தால், கண் வெளியே இருக்க வேண்டிய நேரத்தில் உள்ளே இழுக்கப்படும். வெளியே வைத்ததன் பொருள் அதுவே. இப்பொழுது பலர் இம்முள்ளை விட்டு, சிறகின் கீழே இரு துளைகளுள்ள ஓர் ஊசிக்குழலைப் பூட்டுகிறார்கள். ஒரு துளை நேர்முன்னே பார்க்கும், மற்றது சாய்ந்து பார்க்கும். இரண்டிலும் உள்ள அமுக்கத்தை ஒப்பிட்டு மின்னியற் கருவி கோணத்தைக் கணித்து விளக்கிலும் ஒலியிலும் சொல்லும். நேர்த்தியானதுதான். ஆயினும் கண்ணால் கண்டு, விரலால் தொட்டு அசைத்துப் பார்க்கக்கூடிய முள்ளின்பால் எமக்குச் சற்றுப் பக்கச்சார்பு உண்டு. மாணவரும் அதனையே தெரிந்தெடுத்தார்.

அம்மையார் போன பின்பு, சொல்லியதைச் செய்து பார்க்க வேண்டுமென்ற ஆவல் எம்மை விடவில்லை. கடைவீதியில் எமக்குப் பழக்கமான பித்தளைத் தொழிலாளி ஒருவரிடம் சென்று, விரலளவு முள்ளொன்று வேண்டுமென்று கேட்டோம். எதற்கென்று சொன்னதும், “அப்போ தராசு முள் மாதிரி சமமாக நிற்க வேண்டுமா சேர்?” என்று அவரே கேட்டார். விமானப் பொறியியலின் ஒரு பாடத்தை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். திரும்பும்போது விமானத்திலுள்ள ஒவ்வொன்றும் பாரமாகிறது. முள்ளின் பின்பக்கம் கனமாயிருந்தால் அது காற்றின் சொல்லைக் கேளாது தன் பாரத்தின் சொல்லைக் கேட்டுத் தாழ்ந்துவிடும். சரியாக எந்த வேளையில் அதன் உதவி வேண்டுமோ அந்த வேளையில் ஏமாற்றும். ஆகவே முன்னே ஒரு குண்டுமணி அளவு பித்தளையை ஒட்டி, ஊசிமுனையில் நிறுத்தி, எப்படித் திருப்பிவிட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும் வரையில் அராவினார். அரை மணி நேரம் ஆயிற்று. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் மாலை, வகுப்பு முடிந்தபின், மேசைவிசிறி ஒன்றும் ரெஜிபோம் பலகையில் வெட்டிய சிறகொன்றும் வைத்துக்கொண்டு ஒன்பது மாணவருடன் சோதனை தொடங்கிற்று. விசிறியின் காற்று சுழன்று வருமாதலால் முதல் முயற்சி முற்றும் பிழைத்தது. முள் பேய் பிடித்தது போல ஆடியது. மாணவி ஒருத்தி, குளிர்பானம் உறிஞ்சும் குழல்களை நூற்றுக்கணக்கில் அடுக்கித் தேன்கூடு போல விசிறியின் முன்னே வைக்கலாம் என்றாள். வைத்ததும் காற்று ஒழுங்காயிற்று. சிறகின் முதுகில் தையல் நூற்றுண்டுகளை ஒட்டினோம். பாகைமானியைப் பார்த்துச் சிறகைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினோம். 5 பாகை, 8 பாகை வரையில் நூல்கள் சீவிய தலைமயிர் போலப் படிந்து கிடந்தன. 11 பாகையில் பின்விளிம்பு நூல்கள் துடித்தன. இன்னும் சிறிது நிமிர்த்தியதும் எல்லாம் எழுந்து, சில முன்னோக்கியும் புரண்டன. ‘புத்தகத்தில் 15 என்றல்லவா சேர் இருக்கிறது?’ என்றான் ஒருவன். சிறகு சிறிதாகவும் காற்று மெதுவாகவும் இருந்தால் பிரிவு முந்தியே நேரும் என்பதனை அவ்விடத்திலேயே விளக்க நேர்ந்தது.

இன்னொன்றையும் அவர்களே கண்டார்கள். பித்தளை முள்ளைச் சிறகுக்கு அருகே வைத்தால் பாகைமானி காட்டுவதினும் மிகுதியாக நிமிர்கிறது. முன்னே தள்ளிவைத்தால் குறைகிறது. சிறகு தன்னை நோக்கி வரும் காற்றை வருமுன்னரே சற்று மேலே வளைத்துவிடுகிறது. ஆதலால் கொட்டகையில் பாகைமானியை வைத்துச் சிவப்புக் கோடு வரைவது பயனில்லாத வேலை. அதனை வானத்திலேதான் வரைய வேண்டும். நல்ல உயரத்தில், அனுபவமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, காற்று கைவிடும் கணத்தில் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறகின் பின்மடல்களைத் தாழ்த்தி ஒரு முறை, தாழ்த்தாது ஒரு முறை. ஏனெனில் மடல் தாழ்ந்ததும் கைவிடும் கோணமும் மாறுகிறது. ஒருமுறை செய்து நம்பிவிடாது, பலமுறை செய்து ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்றைய சோதனையில் எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது, குழல் அடுக்கிய அதே மாணவியின் கேள்வி. “முள்ளே பொய் சொன்னால், சேர்?”

பொய் சொல்லியிருக்கிறது. 2018 ஒக்டோபர் 29ஆம் திகதி, இந்தோனேசியாவில் லயன் எயார் நிறுவனத்தின் போயிங் 737 மெக்ஸ் விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். அதன் மூக்கின் ஒரு பக்கத்திலிருந்த கோணமுள் உண்மையினின்றும் 21 பாகை விலகியிருந்தது. அந்த ஒரு முள்ளின் சொல்லை நம்பி, விமானத்தின் கணினி மூக்கை மீண்டும் மீண்டும் தாழ்த்தியது. இல்லாத ஆபத்தினின்று காக்கப் போய் மெய்யான ஆபத்தில் தள்ளியது. 2019 மார்ச் 10ஆம் திகதி எதியோப்பியாவில் அதே வகை விமானம் அதே காரணத்தால் வீழ்ந்து 157 உயிர்களைக் கொண்டது. மறுபுறம், 2009 ஜூன் 1ஆம் திகதி அத்திலாந்திக்கில் வீழ்ந்த எயார் பிரான்ஸ் விமானத்தில் 228 பேர் சென்றனர். வேகமானிக் குழாய்களில் பனி அடைத்தது. காற்று சிறகைக் கைவிட்டது. எச்சரிக்கை ஒலி பலமுறை ஒலித்தும், ஓட்டுநர் தண்டைத் தம் பக்கமே இழுத்தார். கோணத்தை நேரே காட்டும் முள் அவர்கள் கண்முன் இருக்கவில்லை. அத்தகைய முள்ளை விமானிக்குக் காட்டுவது பற்றி ஆராயவேண்டுமென்று பிரெஞ்சு விசாரணையாளர் பின்னர் பரிந்துரைத்தனர்.

மாணவி நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அப்படியானால் முள் இருப்பதா பிழை, அதன் கையில் தண்டைக் கொடுத்ததா பிழை?” என்றாள். அந்தக் கேள்வியை அன்றிரவே அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினோம்.

மகன் மறுநாள் எம்மை அழைத்தார். தமது முள் எந்தக் கம்பியோடும் இணைக்கப்படவில்லை. அது காட்டும், அவ்வளவே. கையும் முடிவும் தம்முடையவை என்றார். அதற்குத் துணையாக, ஆர்மோனிய நாக்குள்ள ஊதல் ஒன்றையும் மற்றச் சிறகில் வைத்திருக்கிறாராம். இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை. ஒன்று பழுதானால் மற்றதும் அதே காரணத்தால் பழுதாகாது. பறக்குமுன் ஒவ்வொரு முறையும் முள்ளை விரலால் அசைத்துப் பார்ப்பதும், ஊதலின் துவாரத்தைப் பார்ப்பதும் அவர் எழுதிவைத்த ஒழுங்கில் முதலிரு வரிகள். துவாரத்தைப் பார்ப்பது எதற்கென்று பிலிமத்தலாவையில் வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. எமது வீட்டுக் கதவின் திறப்புத் துவாரத்தில் வருடந்தோறும் குளவி மண்கூடு கட்டுகிறது. 1996இல் டொமினிக்கன் குடியரசின் கரையோரம் வீழ்ந்த ஒரு பெரிய விமானத்தின் வேகமானிக் குழாயை அடைத்தது இத்தகைய குளவிக் கூடாகவே இருக்கவேண்டுமென்று விசாரித்தோர் கருதினர். இதனை அம்மையாருக்கு நாம் சொல்லவில்லை.

“ஆனால் சேர்,” என்றார் மகன், “முள்ளைப் பூட்டினதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. நான் எனக்கே சாட்சி சொல்லக் கூடாது. திரும்பும்போது, ‘இன்னும் கொஞ்சம் இழுக்கலாம், ஒன்றும் ஆகாது’ என்று எனக்குள் ஒருவன் சொல்லுவான். அவனை எனக்குத் தெரியும். பரீட்சையில் கடைசி ஐந்து நிமிடத்தில் புதுக் கணக்கைத் தொடங்குகிறவன் அவன்தான். அவனோடு வாதாட எனக்கு ஒரு முள் வேண்டும்.”

அவர் மாணவராயிருந்த காலத்தில் அப்படித்தான் இருந்தார். ஒரு முறை கடைசிக் கணக்கை அவசரத்தில் செய்து முழுப் பிழையாக்கி, அதற்காக நாம் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதுண்டு. அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கத் துணியவில்லை.

விமானம் இன்னும் பறக்கவில்லை. எஞ்சின் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. பரிசோதகர் வந்து பார்த்துச் சில திருத்தங்கள் சொல்லிப் போயிருக்கிறாராம். முதற்பறப்பைத் தாம் செய்யப் போவதில்லை என்றும், இத்தகைய சோதனையில் பழகிய ஒருவரை ஒப்புக்கொள்ளச் செய்திருப்பதாகவும், அதன் பின்னரே தாம் அவரோடு ஏறி, முள்ளின் சிவப்புக் கோட்டை வரையப் போவதாகவும் சொன்னார். அதுவரையில் தகட்டில் நிறமில்லை. படத்தில் நாம் கண்டது பென்சிற் குறிகளின்மேல் தற்காலிகமாக ஒட்டிய நிறக்காகிதம். தொழிலாளி அராவிக் கொடுத்த பித்தளை முள்ளைத் தபாலில் அனுப்பிவைத்தோம். அது பறப்பதற்கல்ல, கொட்டகையின் சுவரில் தொங்கவிடுவாராம்.

இவற்றையெல்லாம் அடுத்த ஞாயிறு அம்மையாரிடம் சொன்னோம். முதலில் கேட்ட கேள்விக்கும் விடை சொன்னோம்: விழலாம், அம்மா; எந்த விமானமும் விழலாம்; உங்கள் மகன் அதனை அறிந்தே வேலை செய்கிறார், அறியாதவர் அந்த முள்ளைப் பூட்டமாட்டார். அவர் சிறிது நேரம் எமது மேசையிலிருந்த ரெஜிபோம் சிறகையும், அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த நூல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நூலை விரலால் தடவிப் படியவைத்தார்.

“சரி மாஸ்டர். அவன் உங்களுக்குத்தான் முதலில் சொல்லுவான். எந்த நாளைக்கு ஏறப் போகிறான் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். இறங்கின பிறகு வந்து சொன்னால் போதும்.”